இசைத்தட்டை இசைக்கருவியாக்கியவர்

பிறர் பாடிய பாட்டைப் பிறர் கேட்கும்படி சுழலவிடுகிற ஒருவனைக் கலைஞன் என்று சொல்லலாமா? மாணவர்கள் பலர் இவ்வினாவை என்னிடம் கேட்டதுண்டு. ‘டி.ஜே.’ என்னும் இரண்டெழுத்துப் பெயர் இன்று கல்லூரி விழா அழைப்பிதழ்களிலும் இடம்பெற்றுவிட்டது. அத்தொழிலில் புகுந்து பேர் பெற வேண்டும் என்று விரும்பும் இளைஞரும் உளர். பொத்தானை அழுத்துவதும் ஒரு தொழிலா என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் உளர். இருவரும் வழக்கை நன்கு விசாரியாமலே தீர்ப்புச் சொல்லுகின்றனர். எந்தக் கலையையும் அதன் இழிந்த மாதிரியைக் கொண்டு எடைபோடுவது நேர்மையன்று. அதில் தலைசிறந்து நின்ற ஒருவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், எந்தச் சூழலில் செய்தார் என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும். ஆதலின், அமெரிக்க நாட்டில் பிறந்து, ‘ஹவுஸ்’ என்னும் மின்னணு நடன இசைக்குத் தந்தை எனப் போற்றப்பெற்ற பிராங்கி நக்கிள்ஸ் என்பாரின் தொழில் வாழ்வை இங்கே விரித்துரைக்க எண்ணுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘டி.ஜே.’ என்பது ‘டிஸ்க் ஜாக்கி’ என்பதன் சுருக்கம். டிஸ்க் என்றால் இசைத்தட்டு; ஜாக்கி என்றால் பந்தயக் குதிரையைச் செலுத்துபவன். 1930-களில் அமெரிக்க வானொலி நிலையங்களில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, இடையிடையே பேசிய அறிவிப்பாளர்களைக் குறிக்கவே இத்தொடர் தோன்றியது. ஆகவே இத்தொழில் நம் வானொலிக்கு அயலானது அன்று. வானொலி பெற்ற பிள்ளைதான். பின்னர் அது நடன அரங்குகளுக்குச் சென்று வேறுருவம் கொண்டது. வானொலியில் ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே பேச்சு உண்டு. நடன அரங்கிலோ ஆடுகிறவர்களின் கால்கள் நிற்கலாகாது. ஆதலால் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளியே இருத்தல் கூடாது. இந்த இடைவெளியை நீக்கும் முயற்சியிலிருந்துதான் ஒரு புதிய கலை பிறந்தது.

பிராங்கி நக்கிள்ஸ் 1955-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் பிரான்சிஸ் நிக்கல்ஸ். கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த இவர், இளமையில் கற்க விரும்பியது இசையை அன்று. துணிகளுக்கு வண்ணமும் கோலமும் அமைக்கும் நெசவு வடிவமைப்பையே. அந்நாளில் அவருக்கு உற்ற தோழராக வாய்த்தவர் லாரி லெவன் என்பவர். இருவரும் நியூயார்க்கின் நடன அரங்குகளில் சிறு சிறு வேலைகள் செய்தனர். ‘கேலரி’ என்ற அரங்கில் பலூன்களுக்குக் காற்றூதிக் கட்டுவதும், கூடத்தை அலங்கரிப்பதும் அவர்கள் பணி. அங்கு இசைத்தட்டுகளை இயக்கிய நிக்கி சியானோ என்பார் ஒரு பாட்டை மறு பாட்டோடு எவ்வாறு இணைக்கிறார் என்பதை அவர்கள் அருகிருந்து கண்டனர். பின்னர் ‘கான்டினென்டல் பாத்ஸ்’ என்ற இடத்தில் தாமே தட்டுகளை இயக்கத் தொடங்கினர். இத்தொழிலுக்குப் பாடநூலும் இல்லை, பள்ளியும் இல்லை. பார்த்தும் கேட்டும் பழகியுமே கற்றனர்.

அவர்கள் கற்றது என்ன? அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம். மேசைமீது இசைத்தட்டுச் சுழற்றிகள் இரண்டு இருக்கும். அவற்றின் நடுவே ‘மிக்சர்’ எனப்படும் கலவைக் கருவி இருக்கும். அதிலுள்ள நகர்த்தியைத் தள்ளினால் ஒரு தட்டின் ஒலி தேய்ந்து, மற்றதன் ஒலி வளரும். முதல் தட்டின் இசையைக் கூட்டம் கேட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் தட்டின் இசையைத் தம் காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக டி.ஜே. மட்டும் கேட்கிறார். ஒரு காது அரங்கில். மறு காது வரப்போகும் பாட்டில். இவ்விரண்டையும் ஒருங்கே கேட்டு ஒப்பிடுவதே இத்தொழிலின் அடிப்படைப் பயிற்சி.

ஒப்பிட வேண்டியது எது? முதன்மையாகக் காலப்பிரமாணம். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அடிக்கு அடி அரை நொடி. வரப்போகும் பாட்டு நிமிடத்துக்கு 118 அடிகள் கொண்டது. வேறுபாடு நிமிடத்துக்கு இரண்டே அடிகள்தானே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கி ஒன்றாக ஓடவிட்டால், 15 நொடிகளுக்குள் அரை அடி பிசகிவிடும். ஒன்றன் அடி மற்றதன் இரு அடிகளுக்கு நட்டநடுவே விழும். கேட்பவர்க்கு அது குதிரைகள் இடறி விழும் ஓசை போலத் தோன்றும். ஆடுகிறவன் எந்த அடிக்குக் கால் வைப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்பான். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளும் ஒரே நடை நடந்தால்தான் வண்டி ஓடும் அல்லவா?

இதற்கு மாற்று, மெதுவான தட்டின் சுழற்சியைச் சிறிது விரைவுபடுத்துவது. 118-ஐ 120 ஆக்குவதற்கு நூற்றுக்கு 1.7 அளவு வேகம் கூட்டினால் போதும். ஆனால் தட்டு விரைந்து சுழன்றால் தாளம் மட்டும் விரைவதில்லை, சுருதியும் ஏறுகிறது. ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூட்டினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். ஆகவே எவ்வளவு கூட்டலாம், எந்தப் பாட்டு அதைத் தாங்கும் என்று அறிந்திருக்க வேண்டும். மேலும் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு, எட்டு, பதினாறு என்ற அளவில் பகுதி பகுதியாக அமைந்தவை. நாம் ஆவர்த்தம் என்கிறோமே, அதுபோல. ஒரு பாட்டின் ஆவர்த்தம் முடியும் இடத்தில் மறு பாட்டின் ஆவர்த்தம் தொடங்க வேண்டும். அடி பொருந்தியும் ஆவர்த்தம் பொருந்தாவிடின், வாக்கியத்தின் நடுவில் வேறொருவன் புகுந்து பேசியதாகவே இருக்கும்.

இவை யாவும் கைத்திறன், பழகினால் வரும். இவற்றுக்கு மேற்பட்டது ஒன்று உண்டு. அது தேர்வுத் திறன். இவ்வளவு பாட்டுகள் இருக்க, இந்தக் கூட்டத்துக்கு, இந்த வேளையில், இதற்குப் பின் எது? இதனை அறிய வேண்டுமாயின் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். எதிரே உள்ளவர்களின் முகத்தையும் நடையையும் படிக்க வேண்டும். நம் இலக்கியத்திலிருந்தே இதற்கு ஓர் ஒப்புமை காட்டலாம். குறுந்தொகைப் பாடல்கள் பலவேறு புலவர்களால் பாடப்பெற்றவை. அவற்றைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று ஏடுகள் அவர் பெயரைக் காத்து வைத்துள்ளன. தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று தனித்தனியே பெயர் சொல்லும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. தொகுப்பும் ஓர் ஆக்கமே என்று அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. அதே சமயம், பாடிய புலவரின் பெயரையும் அவர்கள் மறைக்கவில்லை. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

நியூயார்க்கிலிருந்து சிக்காகோவுக்குக் குடியேறிய ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1977-இல் அந்நகரில் ஒரு நடன அரங்கு தொடங்கினார். தெற்கு ஜெபர்சன் தெருவில் 206-ஆம் எண்ணுள்ள, தொழிலுக்குப் பயன்பட்டு வந்த ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் அது. கிடங்கு என்னும் பொருளில் ‘வேர்ஹவுஸ்’ என்றே அது அழைக்கப்பட்டது. வில்லியம்ஸ் முதலில் அழைத்தது லாரி லெவனை. அவர் நியூயார்க்கை விட்டு வர விரும்பவில்லை. பிராங்கி நக்கிள்ஸ் வந்தார். அப்போது அவருக்கு வயது 22.

வேர்ஹவுஸுக்கு வந்தவர்கள் யாவர்? பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களுள்ளும் பலர் தன்பால் ஈர்ப்புடையோர். நிறத்தால் ஒரு புறமும் இயல்பால் மறு புறமும் ஒதுக்கப்பட்டவர்கள். பிற அரங்குகளின் வாயிலில் ஏற இறங்கப் பார்க்கப்பட்டவர்கள். சில வேளைகளில் சொந்த வீட்டிலும் இடம் மறுக்கப்பட்டவர்கள். நக்கிள்ஸும் அவர்களில் ஒருவரே. அவ்வரங்கில் மது விற்கப்படவில்லை. சனிக்கிழமை இரவு கூடியவர்கள் ஞாயிறு வெயில் ஏறும் வரை ஆடினர். அருளிழந்தவர்களுக்கென்று அமைந்த தேவாலயம் அது என்னும் கருத்துப்பட நக்கிள்ஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஓர் ஆசிரியனுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வகுப்பில் யாரும் அருகில் உட்கார விரும்பாத மாணவன், ஓரிடத்தில் தன்னை மறந்து சிரிக்கிறான் என்றால், அந்த இடத்தை வெறும் கேளிக்கைக் கூடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்நாளில் அவர் பெரிதும் இயக்கியது ‘டிஸ்கோ’ என்ற நடன இசை. 1970-களின் பிற்பகுதியில் டிஸ்கோ அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது. மிகுந்து பரவியதாலேயே பலர்க்கு வெறுப்பும் உண்டாயிற்று. அவ்வெறுப்பு வெளிப்பட்ட நாள் 1979-ஆம் ஆண்டு ஜூலை 12. வெளிப்பட்ட ஊர் அதே சிக்காகோ. காமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில் அன்று இரண்டு ஆட்டங்கள் நடக்க இருந்தன. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்று கொண்டு வருபவர்க்கு 98 சென்டுக்கு நுழைவுச்சீட்டு. முதல் ஆட்டம் முடிந்ததும் அத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படும் என்று ஒரு வானொலி நிலையத்தின் துணையோடு விளம்பரம் செய்யப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். தட்டுகள் வெடித்துச் சிதறியவுடன் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தனர். ஆடுகளம் பாழாயிற்று, காவலர் வந்து கூட்டத்தைக் கலைத்து, 39 பேரைக் கைது செய்தனர். இரண்டாவது ஆட்டம் நடைபெறவில்லை.

அன்று மாலை அம்மைதானத்தில் இருக்கை காட்டும் பணியில் இருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் உண்டு. பெயர் வின்ஸ் லாரன்ஸ். சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி ஒன்றை வாங்குவதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். வந்து குவிந்த தட்டுகளை நோக்கிய அவர், அவற்றுள் டிஸ்கோ அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் பிற இசைத்தட்டுகளும் நிறைய இருக்கக் கண்டார். வெறுக்கப்பட்டது ஓர் இசை வகை மட்டுமா, அதைப் படைத்த மக்களுமா என்ற ஐயம் அவருள் எழுந்தது. இந்த இளைஞர் பெயரை மறவாதீர்கள். கதையில் மீண்டும் வருவார்.

இதன் பின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிடத் தொடங்கின. நக்கிள்ஸுக்கு ஒரு தொழில் நெருக்கடி ஏற்பட்டது. அரங்கில் கூட்டம் குறையவில்லை. ஆனால் அவர்களுக்கேற்ற புதிய தட்டுகள் குறைந்தன. பழைய பாட்டையே வாரந்தோறும் இயக்கினால் கேட்பவர் சலிப்பர். சந்தையில் கிடைக்காததைத் தாமே செய்துகொள்ள அவர் துணிந்தார். ஒலிப்பொறியியல் பயின்ற நண்பர் ஒருவரின் துணையோடு, பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டத் தொடங்கினார்.

இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 15 அங்குலம் என்ற வேகத்தில் ஓடும் நாடாவில், நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாட்டின் ஓர் அடிக்கு ஏழரை அங்குல நாடா. நான்கு அடிகளுக்கு 30 அங்குலம். பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் இன்பமான பகுதி சில நொடிகளே இருக்கும். அதனைப் பல முறை பதிந்து, சவர அலகால் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினால் அச்சில நொடிகள் சில நிமிடங்களாக நீளும். வெட்டு சிறிது பிசகினாலும் தாளம் நொண்டும். இவ்வாறு பல்லவிக்கு முன் மேளத்தை நீட்டியும், குரலைத் தள்ளிப் போட்டும், ஆர்வத்தைத் தூண்டியும் பழைய பாட்டைப் புதியதாக்கினார். சில இரவுகளில் விளக்குகளை அணைத்துவிட்டு, விரைந்தோடும் ரயில் வண்டியின் ஓசையை ஒலிபெருக்கிகள் வழியாகப் பாயவிடுவாராம். வண்டி கூடத்தின் நடுவே செல்வதாகவே ஆடுகிறவர்கள் உணர்வார்களாம். பிறர் தட்டைச் சுழற்றியவர், மெல்ல மெல்ல ஆக்குகிறவராக மாறிய வழி இதுதான். தயாரிப்பாளர் ஒருவர் ஒரே நாளில் தோன்றுவதில்லை. தேவை அவரை உண்டாக்குகிறது.

வேர்ஹவுஸில் கேட்ட இசையைத் தேடி இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குச் சென்றனர். ‘வேர்ஹவுஸில் இயக்கப்படுவன’ என்று கடைக்காரர்கள் தட்டுப்பெட்டிகளில் எழுதி வைத்தனர். பெயர் நீளம் தேய்ந்து ‘ஹவுஸ்’ ஆயிற்று. ‘ஹவுஸ் இசை’ என்ற பெயர் வந்த வரலாறாகப் பெரிதும் சொல்லப்படுவது இதுவே. வானொலியும் தன் பங்கைச் செய்தது. டபிள்யூ.பி.எம்.எக்ஸ். என்ற சிக்காகோ நிலையத்தில் 1981 முதல் ‘ஹாட் மிக்ஸ் பைவ்’ என்ற ஐவர் குழு இடைவெளியின்றி இணைத்த நடன இசையை ஒலிபரப்பியது. அரங்கின் வாயிலைக் காணாத பள்ளி மாணவர்களும் வீட்டிலிருந்தே அதனைக் கேட்டனர். கேட்டவர்களுள் சிலர் தாமும் செய்து பார்க்க முற்பட்டனர்.

அம்முயற்சிகளுக்கு உதவியது ஒரு புதிய கருவி. ஜப்பான் நாட்டின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டி.ஆர்.-808 என்ற தாளப்பொறியையும், 1983-இல் டி.ஆர்.-909 என்ற தாளப்பொறியையும் வெளியிட்டது. மேளக்காரர் இல்லாத இடத்தில் மேளம் போலத் தாளமிடுவதே அவற்றின் நோக்கம். ஒரு வரிசையில் 16 பொத்தான்கள். ஒவ்வொன்றும் காலத்தின் ஒரு சிறு கூறு. நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் ஒரு கூறு நொடியில் எட்டில் ஒரு பங்கு. பதினாறும் கூடினால் இரண்டு நொடி. 1, 5, 9, 13 ஆகிய பொத்தான்களில் பெருமேள ஒலியை அமைத்தால், அடிக்கு ஒன்றாக நான்கு அடிகள் சீராக விழும். ஹவுஸ் இசையின் முதுகெலும்பு இந்த நான்கு அடிகளே. உண்மையான மேளத்தின் ஒலியைக் கேட்க விரும்பியோர்க்கு இக்கருவிகள் நிறைவு தரவில்லை; விற்பனையும் பெருகவில்லை. அதனால் பழைய கருவிகள் மலிவு விலைக்குக் கைமாறின. செல்வர் ஒதுக்கிய பொருள் எளியவர் கைக்குச் சென்றது. மேளம் போல் ஒலிக்காதது ஒரு குறை என்று முன்னவர் எண்ணினர். அதனையே புதிய ஓசை என்று பின்னவர் வரவேற்றனர்.

1984-இல் ஜெசி சாண்டர்ஸ் என்பவர் ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற தட்டை வெளியிட்டார். தட்டாக வெளிவந்த முதல் ஹவுஸ் இசை எனப் பலராலும் குறிக்கப்படுவது இதுவே. இதனை அவரோடு சேர்ந்து ஆக்கியவர் யார் தெரியுமா? மைதானத்தில் இருக்கை காட்டிய அதே வின்ஸ் லாரன்ஸ். தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த நகரில், ஐந்தே ஆண்டுகளில், அதனை நேரில் கண்ட ஒருவர் கையாலேயே புதிய தட்டு ஒன்று பிறந்தது. ஹவுஸ் இசை என்பது டிஸ்கோ திருப்பிக் கொடுத்த பதிலடி என்று நக்கிள்ஸ் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். கல்லெறிந்து கொடுத்த பதில் அன்று. புதியது ஒன்றை ஆக்கிக் கொடுத்த பதில்.

நக்கிள்ஸ் 1982-இல் வேர்ஹவுஸை விட்டு நீங்கி, 1983-இல் ‘பவர் பிளான்ட்’ என்ற தம் சொந்த அரங்கைத் தொடங்கினார். டெட்ராய்ட் நகரத்து இளைஞர் டெரிக் மே என்பவரிடமிருந்து டி.ஆர்.-909 கருவி ஒன்றை வாங்கி, இசைத்தட்டுகளோடு சேர்த்து அதனையும் அரங்கில் இயக்கினார். தட்டின் தாளம் மெலிந்த இடத்தில் பொறியின் தாளம் வலுவூட்டியது. ஒரு பாட்டு முடிந்து மற்றது வரும் வரை பொறியின் தாளமே பாலமாயிற்று.

இனி, தொகுத்தவர் பெயரும் பாடியவர் பெயரும் பற்றி முன்பு சொன்னதை நினைவுகூருங்கள். நக்கிள்ஸின் பெயரோடு என்றும் சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு ‘யுவர் லவ்’. ஆனால் அப்பாட்டை இயற்றியவரும் பாடியவரும் ஜேமி பிரின்சிபிள் என்ற சிக்காகோ இளைஞரே. அவருடைய ஒலிநாடாவை நக்கிள்ஸ் தம் அரங்கில் தொடர்ந்து இயக்கிப் புகழ் தேடித் தந்தார். அதன் ஒலியமைப்பிலும் பங்கு கொண்டார். எனினும் 1987-இல் டிராக்ஸ் என்ற நிறுவனம் அதனை வெளியிட்டபோது தட்டில் பெரிதாக நின்றது நக்கிள்ஸின் பெயர். அதனால் அது முற்றிலும் அவர் படைப்பே என்று உலகில் பலர் நம்பினர். புலவர் பெயர் மங்கித் தொகுத்தவர் பெயர் ஓங்கினால் என்ன முறைகேடு நேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இக்கலையின் பெரிய சோதனை இதுதான். பிறர் ஆக்கத்தைக் கையாளும் தொழிலில், எது தன்னுடையது, எது பிறருடையது என்ற எல்லை எளிதில் மறைந்துவிடும்.

நேரான வழியும் உண்டு என்பதற்கும் அவர் வாழ்விலேயே சான்று இருக்கிறது. 1989-இல் வெளியான ‘டியர்ஸ்’ என்ற பாட்டில், இசையமைப்பில் துணைநின்ற ஜப்பானியர் சதோஷி டோமீயே, பாடகர் ராபர்ட் ஓவன்ஸ், அவர்களை முன்னிறுத்திய நக்கிள்ஸ் ஆகிய மூவர் பெயரும் விளங்கக் குறிக்கப்பட்டன. கேட்பவர்க்கு யார் என்ன செய்தார் என்பது தெளிவாயிற்று. புகழ் பகிர்ந்துகொண்டதனால் ஒருவர்க்கும் குறைந்துவிடவில்லை.

1980-களின் இறுதியில் நக்கிள்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பி, டேவிட் மொராலஸ் முதலியோருடன் ‘டெப் மிக்ஸ்’ என்ற குழுவில் பணியாற்றினார். இங்குதான் ‘ரீமிக்ஸ்’ எனப்படும் மறுகலவை அவர் கையில் முதிர்ந்தது. ஒரு பாட்டுப் பதிவாகும்போது குரல், மேளம், தந்திக் கருவி முதலியன தனித்தனிக் கால்களில் பதியப்படும். மறுகலவை செய்பவர் அவற்றைப் பெற்று, குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிப் புதிய தாளமும் புதிய துணையிசையும் அமைக்கலாம். பழைய வீட்டின் தூண்களை மட்டும் நிறுத்திச் சுவர்களைப் புதிதாக எழுப்புவது போன்றது இது. தூண் எது, சுவர் எது என்று அறியாதவன் கைவைத்தால் வீடு இடிந்துவிடும். மைக்கேல் ஜாக்சன், டயானா ராஸ் முதலிய புகழ்பெற்ற பாடகர்களின் பாட்டுகளும் அவர் கையால் மறுகலவை பெற்றன. 1991-இல் அவர் வெளியிட்ட ‘தி விசில் சாங்’ அமெரிக்க நடனப் பாட்டு வரிசையில் முதலிடம் அடைந்தது. அதிர வைக்கும் ஓசை இல்லாமல், சீழ்க்கை போன்ற மென்மையான இன்னிசை ஒன்று தாளத்தின்மேல் மிதந்து செல்வதே அதன் சிறப்பு. நடன இசை என்றால் செவியைப் பிளக்கும் ஓசைதான் என்று எண்ணுவோர் அதனை ஒரு முறை கேட்க வேண்டும்.

சிக்காகோவின் சிறு அரங்குகளில் தோன்றிய இசை அதற்குள் கடல் கடந்துவிட்டது. 1987-ஆம் ஆண்டு ஜனவரியில், அந்நகரத்து ஸ்டீவ் ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ என்ற ஹவுஸ் பாட்டு இங்கிலாந்தின் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. 1998-இல் நடந்த கிராமி விருது விழாவில், சிறந்த மறுகலவையாளர்க்கென்று முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட விருது நக்கிள்ஸுக்கு வழங்கப்பட்டது. பிறர் பாட்டைத் திரும்ப அமைப்பதும் ஒரு கலையே என்று இசை உலகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், வேர்ஹவுஸ் இருந்த ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்குச் சிக்காகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. தட்டுகளை வெடிவைத்து மகிழ்ந்த நகரம், தட்டு இயக்கியவர் பெயரைத் தெருப்பலகையில் எழுத 25 ஆண்டுகள் ஆயின. நீரிழிவு நோயால் துன்புற்ற அவர், 2008-இல் ஒரு பாதத்தை இழந்தார். அதன் பின்னரும் தொழிலைக் கைவிடவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள், 59-ஆம் வயதில் சிக்காகோவில் மறைந்தார். 2023-இல் அக்கிடங்குக் கட்டடம் நகரின் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இன்று இரண்டு பாட்டுகளின் வேகத்தைக் கணிப்பொறியே ஒரு கணத்தில் பொருத்திவிடுகிறது. சவர அலகும் வேண்டா, நாடாவும் வேண்டா. அப்படியானால் கலைஞனுக்கு எஞ்சியது என்ன? பொறி செய்யாதவை மூன்று எஞ்சி நிற்கின்றன. ஒன்று, அறிவு: முன்னோர் ஆக்கியவற்றைத் தேடித் தேடிக் கேட்டுத் தெரிந்திருத்தல். இரண்டு, செவி: எதிரே இருப்பவர்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று தன் விருப்பத்தை அடக்கிக் கேட்டறிதல். மூன்று, நேர்மை: பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர்க்குரிய பெயரையும் பயனையும் அவர்க்கே சேர்ப்பித்தல். முதல் இரண்டும் இருந்தால் ஒருவன் கைதேர்ந்தவன் ஆவான். மூன்றும் இருந்தால்தான் கலைஞன் என்று போற்றத் தகுவான். பொத்தானை அழுத்துவதும் ஒரு தொழிலா என்று கேட்ட பெற்றோர்க்கும் இதுவே விடை. பொத்தானை அழுத்தினால் போதும் என்று நினைக்கும் மாணவர்க்கும் இதுவே விடை.

பிராங்கி நக்கிள்ஸ் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் இன்று சிக்காகோவில் ‘ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க்’ என்ற கலைக்கூடத்தில் காக்கப்பட்டு வருகின்றன. முன்பு வங்கியாக இருந்த கட்டடம் அது. பணம் காத்த இடத்தில் இப்பொழுது பாட்டுகள் இருக்கின்றன. ஒருவர் வாழ்நாள் முழுதும் எதைக் கேட்டு வளர்ந்தார் என்பதை அங்கே தட்டுத் தட்டாகக் காணலாம். இத்தொழிலை விரும்பும் இளைஞர் எவரும் கருவி வாங்குவதற்கு முன், அத்தகைய கேள்விச் செல்வத்தை முதலில் சேர்க்கத் தொடங்குவாராக.